அம்மாவின் சோற்றுக் கணக்கில் ஊர்ப்பெயர்கள்

போன மாதம் அம்மாவின் அலமாரியைத் துடைத்து அடுக்கும்போது, பழைய சேலைகளுக்கு அடியில் ரப்பர் பேண்ட் போட்ட ஒரு கட்டு கிடைத்தது. எல்லாம் 555 நோட்டுகள். மளிகைக் கடையில் கடனுக்குச் சாமான் வாங்கிய குடும்பத்தில் பிறந்தவர்களுக்கு இந்த நோட்டைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. உள்ளங்கையில் அடங்கும், சட்டைப் பையில் நுழையும். மலாய்க்காரர்கள் ‘பூக்கு தீகா லீமா’ என்பார்கள். கை பட்டதும் ரப்பர் பேண்ட் பொடிந்து விழுந்துவிட்டது. எண்ணிப் பார்த்தேன், 14 நோட்டுகள். மேலே இருந்ததைத் திறந்தேன்.

‘தெலுக்கான்சன் 6 சோறு 9.00. கூலிம் 4, பாக்கி 1.50. சித்தியவான் கண்ணாடி 5. சித்தியவான் நெட்டை 5, முட்டை 2. சுங்கை சிப்புட் ஊருக்குப் போயாச்சு.’

ஓர் ஆளின் பெயர்கூட இல்லை. பக்கம் பக்கமாக ஊர்கள்தான். பாகான் செராய், பீடோர், தாப்பா, பத்து காஜா, சிகாமட், லூனாஸ். ஒரே ஊரிலிருந்து இரண்டு பேர் வந்துவிட்டால்தான் கண்ணாடி, நெட்டை என்று ஓர் ஒட்டு. வாரக் கடைசியில் காசு கொடுத்தவர்களுக்கு நேராகச் சிவப்பு மையில் ஒரு கோடு.

1980களின் நடுவில் நாங்கள் மலேசியத் தலைநகர் கோலாலம்பூரில், எங்கள் பேச்சில் கேஎல், பந்தாய் டாலாமில் ஒரு பலகை வீட்டில் இருந்தோம். மேட்டில் மலாயாப் பல்கலைக்கழகம். பள்ளத்தில் நாங்கள். அப்பா லாரி ஓட்டினார். அவர் சம்பளம் இருபதாம் தேதிக்கு மேல் தாங்காது. அதனால் அம்மா சோறு கட்டிக் கொடுக்கத் தொடங்கினார். சாயங்காலம் அஞ்சு மணிக்கு இருபது, இருபத்தைந்து பொட்டலங்கள். பழுப்புக் காகிதத்துக்குள் வாழையிலைத் துண்டு, சோறு, பருப்பு, ஒரு பிரட்டல், ஓரத்தில் ஊறுகாய். பொட்டலம் ஒன்றரை வெள்ளி, அதாவது ரிங்கிட். முட்டை வேண்டுமென்றால் தனிக் காசு. நானும் தம்பியும் இரண்டு பைகளில் தூக்கிக்கொண்டு மேட்டில் ஏறுவோம். விடுதி வாசலில் பிள்ளைகள் காத்திருப்பார்கள். என்னைச் ‘சோத்துப் பாப்பா’ என்பார்கள். எனக்கு அது பெருமையாகத்தான் இருந்தது.

அம்மாவுக்கு அவர்களின் பெயர்கள் தெரியாமல் இல்லை. தெரியும். ஆனாலும் முதல் நாள் ‘எந்த ஊருப்பா?’ என்று கேட்டதும் எது காதில் விழுந்ததோ, அதுதான் கடைசிவரைக்கும். தெலுக்கான்சன் அக்கா நாலு வருடம் எங்கள் வீட்டில் சாப்பிட்டார். கணக்கில் நாலு வருடமும் தெலுக்கான்சன்தான். இத்தனைக்கும் அந்த ஊருக்கு 1982இலேயே தெலுக் இந்தான் என்று பெயர் மாற்றிவிட்டார்கள். அக்கா ஒவ்வொரு தடவையும் ‘இந்தான், அத்தை’ என்று திருத்துவார். அம்மா தலையை ஆட்டிவிட்டுத் தெலுக்கான்சன் என்றே எழுதுவார்.

இந்த நோட்டுகள் கையில் கிடைத்த நேரமும் பொருத்தமான நேரம். என் மகளுக்குச் சொற்கள் என்றால் உயிர். ஏதாவது ஒன்றைப் பிடித்துக்கொண்டு நாள் முழுக்க வருவாள். அந்த வாரம் அவள் பிடித்திருந்தது ஊர்க்காரர்களுக்கு ஆங்கிலத்தில் இருக்கும் விசித்திரமான பெயர்கள். ஆக்ஸ்ஃபோர்டில் இருப்பவரும் ஆக்ஸோனியன், அங்கே படிப்பவரும் ஆக்ஸோனியன். கேம்பிரிட்ஜ் என்றால் கேன்டப்ரிஜியன். டர்ஹம் என்றால் டனெல்மியன். எல்லாம் அந்தந்த ஊரின் பழைய லத்தீன் பெயரிலிருந்து வந்தவை. ‘அம்மா, நம்ம யூனிக்குப் பக்கத்துல இருக்குறவங்களுக்கு என்ன பேரு?’ என்று கேட்டாள். நான் நோட்டை அவளிடம் நீட்டினேன். அதற்கப்புறம் ஒரு வாரம் இரண்டு பேரும் வேறு எதையும் பேசவில்லை.

ஆக்ஸ்ஃபோர்டு என்றால் எருதுகள் ஆற்றைக் கடக்கும் துறை, அவ்வளவுதான். நம் பக்கத்தில் மாட்டுத்துறை என்று ஓர் ஊர் இருந்தால் எப்படியோ அப்படி. அந்த மாட்டுத்துறையை லத்தீனில் ஆக்ஸோனியா என்று எழுதி, அதிலிருந்து ஓர் ஆட்பெயர் செய்து, பட்டத்துக்குப் பின்னால் ‘ஆக்ஸன்’ என்று சுருக்கிப் போட்டதும், மாட்டின் வாடையே போய்விடுகிறது. கேம்பிரிட்ஜ் கதை எனக்கு இன்னும் பிடித்தது. அங்கே ஓடிய ஆற்றின் பழைய பெயர் கிரான்டா. ஊர் கிரான்டா பாலம். நூற்றாண்டுகள் போகப் போக மக்கள் வாயில் அது உருண்டு கேம்பிரிட்ஜ் ஆனது. பிறகு வந்தவர்கள், இது ‘கேம்’ ஆற்றின் பாலம் போலிருக்கிறது என்று எண்ணி, ஆற்றுக்கே கேம் என்று பெயர் வைத்துவிட்டார்கள். ஊருக்குப் பெயர் கொடுத்த ஆறு, ஊரிடமிருந்து தன் பெயரைத் திரும்ப வாங்கிக்கொண்டது.

அந்த ஊரில் பல்கலைக்கழகம் வந்ததே ஒரு சண்டையால்தான். 1209இல் ஆக்ஸ்ஃபோர்டில் ஊராருக்கும் படிக்க வந்தவர்களுக்கும் பகை முற்றி, மாணவர்கள் சிலரைத் தூக்கில் போட்டுவிட்டார்கள். பயந்து ஓடியவர்களில் ஒரு பகுதியினர் கேம்பிரிட்ஜில் போய் உட்கார்ந்தார்கள். ஆக்ஸ்ஃபோர்டிலும் பகை தீரவில்லை. 1355 பிப்ரவரி 10ஆம் தேதி ஒரு மதுக்கடையில், கொடுத்த ஒயின் நன்றாக இல்லை என்று இரண்டு மாணவர்கள் தகராறு செய்தார்கள். அது மூன்று நாள் கலவரமாகி, மாணவர் தரப்பில் 63 பேர் இறந்ததாகச் சொல்வார்கள். ஊர்க்காரர்களும் பலர் இறந்தார்கள். அதற்குத் தண்டனையாக ஊர் மேயர் வருடா வருடம் அதே நாளில் தேவாலயத்துக்குப் போய், இறந்த மாணவர் ஒருவருக்கு ஒரு பென்னி என்று எண்ணி வைக்க வேண்டும். இது 1825 வரைக்கும் நடந்தது. இரண்டு தரப்பும் முறைப்படி கைகுலுக்கிச் சமாதானம் ஆனது 1955இல். அறுநூறு வருடம்! படித்துவிட்டு நானும் மகளும் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தோம். ஒரு கிண்ணம் ஒயினுக்காக. எங்கள் அம்மா எத்தனையோ நாள் பருப்பில் உப்புப் போட மறந்திருக்கிறார்.

இப்படிப்பட்ட பகையில் பிறந்த சொற்களும் உண்டு. ஜெர்மனியில் மாணவர்கள் ஊர்க்காரர்களுக்கு வைத்த பெயர் ‘ஃபிலிஸ்டர்’. பைபிளில் வரும் பெலிஸ்தியர்தான். 17ஆம் நூற்றாண்டின் கடைசியில் யேனா என்ற ஊரில் ஊராரோடு நடந்த அடிதடியில் ஒரு மாணவன் இறந்துபோனானாம். அடக்கத்தின்போது பாதிரியார் ‘சிம்சோனே, பெலிஸ்தர் உன்மேல் வந்துவிட்டார்கள்’ என்ற வசனத்தை எடுத்துப் பேசினாராம். அன்றிலிருந்து ஊரார் எல்லாரும் பெலிஸ்தியர் ஆனார்கள் என்பது கதை. ஆங்கிலத்தில் ரசனையில்லாத ஆளை ‘ஃபிலிஸ்டின்’ என்று சொல்வது இங்கிருந்து போனதுதான். போர்ச்சுகலில் கொய்ம்ப்ரா என்ற பழைய பல்கலைக்கழக ஊரில், மாணவர் அல்லாத ஆளை ‘ஃபுத்ரிகா’ என்பார்கள். அதுவும் மரியாதையான சொல் இல்லை.

இந்தச் சொற்களைப் படித்தபோது எனக்கு வருத்தமாகவே இருந்தது. ஃபிலிஸ்டர் என்று அழைக்கப்பட்டவர்களில் எத்தனை பேர் அந்த மாணவர்களுக்குச் சோறு போட்டிருப்பார்கள், துணி துவைத்திருப்பார்கள், காய்ச்சல் வந்தால் கஞ்சி வைத்திருப்பார்கள்? அந்த அம்மாக்களும் ஏதாவது ஒரு நோட்டில் கணக்கு எழுதியிருக்க மாட்டார்களா? மாணவர்கள் ஊராருக்கு வைத்த பெயர்கள் அகராதியில் ஏறிவிட்டன, எழுதியவர்கள் அவர்கள் என்பதால். ஊரார் மாணவர்களுக்கு வைத்த பெயர்கள் அடுப்பங்கரையிலேயே நின்றுவிட்டன. என் கையில் இருக்கும் 14 நோட்டுகள் அதனால்தான் எனக்குப் பெரிதாகத் தெரிகின்றன.

ஒரு சொல் மட்டும் அம்மாவின் சொல்லோடு கைகோர்த்துக்கொண்டு வந்தது. ஸ்காட்லாந்தில் செயின்ட் ஆண்ட்ரூஸ் என்று கடலோரத்தில் ஒரு சின்ன ஊர். அங்கே பல்கலைக்கழகம் 1413இலிருந்து இருக்கிறது. முதல் வருட மாணவனை அங்கே ‘பீஜன்ட்’ என்பார்கள். பிரெஞ்சில் ‘மஞ்சள் அலகு’ என்பதன் திரிபு. வாயோரத்தில் மஞ்சள் மாறாத குஞ்சு. நாம் ‘முளைச்சு மூணு இலை விடல’ என்போமே, அதே பார்வை. ஆனால் இதில் கொஞ்சம் அதிகமாகவே பாசம் இருக்கிறது, ஏனென்றால் மஞ்சள் அலகு திறந்திருப்பதே இரை கேட்டுத்தான். ஜூன், ஜூலை வாக்கில் புதுப்பிள்ளைகள் வந்து இறங்கும்போது அம்மா கூடுதலாக இரண்டு படி அரிசி ஊற வைப்பார். ‘புதுசுங்க வந்திருக்கு, வாய் பார்த்துக்கிட்டு நிக்கும், கேட்கக் கூச்சப்படும், நீயா குடு’ என்று எனக்குச் சொல்லி அனுப்புவார். நோட்டில் அந்த மாதங்களில் சில ஊர்களுக்குப் பக்கத்தில் ‘பு’ என்று ஒரு சின்ன எழுத்து இருக்கும். ‘பு’ இருந்தால் முதல் வாரம் காசு கேட்கக் கூடாது. இது எனக்கும் தம்பிக்கும் மட்டும் தெரிந்த ரகசியம்.

மலாய் மொழியில் மாணவருக்கு உள்ள சொல்லை எடுத்துக்கொண்டால், நமக்கு அது வீட்டுச் சொல் மாதிரி. ‘சிஸ்வா’. சமஸ்கிருத ‘சிஷ்ய’தான் அது, நம் சீடன். பல்கலைக்கழக மாணவர் என்றால் ‘மகாசிஸ்வா’. விடுதிக்கு ‘அஸ்ராமா’, அதாவது ஆசிரமம். குடிமகனைச் சொல்லும் ‘வார்கா நெகாரா’வில் வர்க்கமும் இருக்கிறது, நகரமும் இருக்கிறது. பெரிய சீடர்கள் ஆசிரமத்தில் தங்கிப் படிக்கிறார்கள் என்று கேட்கும்போது தாடியும் மரவுரியும் கண்ணில் வருகின்றன. வாசலில் சிலிப்பர் மாட்டிக்கொண்டு, ‘பாப்பா, இன்னிக்கு என்ன பிரட்டல்?’ என்று கேட்டவர்கள்தான் அந்த மகாசிஸ்வாக்கள். பல்கலைக்கழக ஏரிக்குத் ‘தாசேக் வர்சிட்டி’ என்று பெயர். வர்சிட்டி என்பது யூனிவர்சிட்டியின் வால்தான், பழைய ஆங்கில உச்சரிப்பில். கிளெர்க் என்று எழுதிவிட்டுக் கிளார்க் என்று சொல்கிறார்களே, அதே மாதிரி ‘வெர்’ இங்கே ‘வர்’ ஆகிவிட்டது.

கூலிம் அண்ணனைப் பற்றிச் சொல்ல வேண்டும். இந்திய ஆய்வியல் துறையில் தமிழ் படித்தார். தனிநாயகம் அடிகள் அந்தத் துறைக்குத் தலைவராக இருந்ததையும், முதல் உலகத் தமிழ் ஆராய்ச்சி மாநாடு 1966இல் இதே கோலாலம்பூரில் கூடியதையும் அவர் வாயால்தான் முதலில் கேட்டேன். தான் அந்த மாநாட்டுக்குப் போய் வந்த மாதிரிச் சொல்வார். 1966இல் அவர் கைக்குழந்தையாக இருந்திருப்பார். பாக்கி வைத்திருக்கும் வாரங்களில் விடுதி வாசலில் நிற்கக் கூச்சப்பட்டு, எங்கள் வீட்டுக்கே இறங்கி வந்து, படிக்கட்டில் உட்கார்ந்து எனக்குப் பாடம் சொல்லிக் கொடுப்பார். காசுக்குப் பதில் பாடம் என்று அவராகவே வைத்துக்கொண்ட கணக்கு.

ஒரு நாள் அம்மாவின் நோட்டை எட்டிப் பார்த்துவிட்டார். முகம் மலர்ந்துபோனது. ‘அத்தை, நீங்க எழுதியிருக்கிறது நன்னூல்’ என்றார். அம்மாவுக்கு ஒன்றும் புரியவில்லை. அவர் என்னைப் பார்த்து விளக்கினார். பெயர்ச்சொல் ஆறு வகை: பொருள், இடம், காலம், சினை, குணம், தொழில். ஓர் ஆளுக்கு இந்த ஆறில் எதை வைத்தும் பெயர் கட்டலாம். ஊரை வைத்துக் கட்டினால் மதுரையான், நாடன், ஊரன். ‘தெலுக்கான்சன்’ என்று முடியும்போதே ‘அன்’ விகுதி வந்துவிட்டது பார் என்று சிரித்தார். 13ஆம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் எழுதிய நூல் அது என்றும், அதன் தொடக்கத்தில் மாணவர்களைத் தரம் பிரித்திருக்கிறார் என்றும் சொன்னார். அன்னமும் பசுவும் போன்றவர் தலை மாணாக்கர். மண்ணும் கிளியும் போன்றவர் இடை. ஓட்டைக்குடம், ஆடு, எருமை, பன்னாடை போன்றவர் கடை. ‘நான் கிளி’ என்றார். சொன்னதைத் திருப்பிச் சொல்பவன் என்று அர்த்தம். அவர் கிளி இல்லை. கொடுத்த புல்லைத் தின்றுவிட்டு நிழலில் உட்கார்ந்து அசை போடுகிற பசு. பன்னாடை என்றால் என்னவென்று அம்மா கேட்டார். நெய்யை ஒழுகவிட்டுக் கசடைப் பிடித்துக்கொள்ளும் அரிப்பு என்று அவர் சொன்னதும், ‘அப்படிப்பட்ட பிள்ளை நம்ம கிட்ட யாரும் இல்லையே’ என்றார் அம்மா, ரொம்ப அக்கறையாக.

அப்போது அவர் சொன்ன இன்னொன்றை நான் இத்தனை வருடமாக வைத்துக்கொண்டிருக்கிறேன். ‘மதுரையில இருக்குறவரைக்கும் யாரையும் மதுரையான்னு கூப்பிட மாட்டாங்க, பாப்பா. வெளிய போனாத்தான் அந்தப் பேரு கிடைக்கும். கூலிம்ல என்னை யாரும் கூலிம்னு கூப்பிடல. இங்க வந்துதான் கூலிம் ஆனேன்.’

யோசித்துப் பார்த்தால் எல்லா ஊர்ப்பெயர்களும் இப்படித்தான் பிறக்கின்றன. பட்டத்துக்குப் பின்னால் ஆக்ஸன் என்று போடுகிறவர் ஆக்ஸ்ஃபோர்டை விட்டு வெளியேறியவர். எங்கள் பக்கத்துக் கம்போங் கெரிஞ்சியும் சுமத்ராவின் கெரிஞ்சியிலிருந்து வந்து குடியேறியவர்களின் ஊர்ப்பெயர். ஊரை விட்டு வந்தவர்கள் கெரிஞ்சிக்காரர்கள் ஆகி, அவர்கள் இருந்த இடம் கெரிஞ்சி ஆகிவிட்டது. கொஞ்சம் தள்ளிப் பங்சார். புங்கே, கிரிசார் என்று இரண்டு வெள்ளைக்காரர்களின் பெயரை ஒட்டிச் செய்த ரப்பர் தோட்டத்துப் பெயர் அது. பால் வெட்டியவர்கள் நம் ஆட்கள்.

அம்மாவுக்கும் அப்படி ஒரு பெயர் உண்டு. கல்யாணமாகிக் காப்பார் தோட்டத்திலிருந்து வந்தவர். பந்தாய் டாலாமில் அவர் ‘காப்பாரம்மா’. முப்பது வருடம் அங்கேயே இருந்த பிறகும் காப்பாரம்மாதான். காப்பாருக்கே போனால் அந்தப் பெயரை யாருக்கும் தெரியாது.

1990களில் எனக்கும் மேட்டில் இடம் கிடைத்தது. முதல் வாரம் பார்க்கிற சீனியர் எல்லாம் கேட்டது ஒரே கேள்வி, எந்த ஊர்? ‘இங்கதான்’ என்றேன். ‘இல்ல, சொந்த ஊரு?’ என்று திரும்பக் கேட்பார்கள். மறுபடியும் இங்கதான் என்பேன். தீபாவளிக்கு எல்லாரும் மூட்டை கட்டிக்கொண்டு புடுராயாவில் பஸ் ஏறும்போது நான் பத்து நிமிடம் நடந்து வீட்டுக்கு வந்துவிடுவேன். அந்த நாலு வருடத்தில் எனக்கு ஊர்ப்பெயர் கிடைக்கவே இல்லை. ‘லோக்கல்’ என்றார்கள், அவ்வளவுதான். சொன்னவர்கள் நல்ல எண்ணத்தோடுதான் சொன்னார்கள். ஆனாலும் பாகான் செராய், சிகாமட் என்று ஒருவரையொருவர் கூப்பிட்டுக்கொள்ளும்போது எனக்கு ஆசையாக இருக்கும்.

பலகை வீடு இப்போது இல்லை. அந்த இடத்தில் அடுக்குமாடி. 1998இல் ரயில் வந்து, ‘யூனிவர்சிட்டி’ என்றே ஒரு நிலையமும் வந்துவிட்டது. பிள்ளைகள் கைப்பேசியில் சோறு வரவழைத்துக்கொள்கிறார்கள். கொண்டுவருகிறவருக்கு அவர்களின் பெயர் தெரியும், அறை எண் தெரியும். எந்த ஊர் என்று மட்டும் அவர் கேட்பதில்லை. கேட்க நேரமும் இருக்காது, பாவம்.

இரண்டு வருடத்துக்கு முன் தெலுக்கான்சன் அக்காவின் மகளுக்குக் கல்யாணம். அழைப்பிதழைக் கொடுக்க அக்காவே நேரில் வந்தார். தலை முக்கால்வாசி நரைத்திருந்தது. வாசலில் நின்று, ‘அத்தை, யாருன்னு தெரியுதா?’ என்றார். அம்மா கண்ணாடியை ஏற்றிப் பார்த்துவிட்டு, ‘தெலுக்கான்சன்!’ என்றார். அக்கா இந்த முறை திருத்தவில்லை.

அம்மாவைக் கூட்டிக்கொண்டு போனேன். அம்மா அந்த ஊரை வாழ்க்கையில் முதல் தடவையாக அன்றுதான் பார்த்தார். நாலு வருடம் கையால் எழுதிய ஊர். சாய்ந்த கோபுரத்தை இறங்கிப் பார்க்கச் சொன்னேன். காருக்குள்ளிருந்தே பார்த்துவிட்டு, ‘முகூர்த்தம் போயிடும், ஓட்டு’ என்றார்.

மண்டப வாசலில் மொய் எழுதும் மேசை. கோடு போட்ட பெரிய நோட்டை விரித்து வைத்துக்கொண்டு ஒரு பெரியவர் உட்கார்ந்திருந்தார். அம்மா கவரை நீட்டினார். 101 வெள்ளி. அவர் எண்ணி வைத்துவிட்டுப் பேனாவை எடுத்தார்.

‘எந்த ஊரும்மா?’

அம்மா வாயைத் திறந்தார், மூடினார். காப்பார் என்று சொல்வார் என நான் எதிர்பார்த்தேன். பின்னால் வரிசை நின்றது. அதற்குள் மண்டபத்துக்குள்ளிருந்து அக்கா பட்டுச் சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடி வந்தார். ‘கேஎல் அம்மா வந்துட்டாங்க! ஏய், வாங்க எல்லாரும், கேஎல் அம்மா!’ என்று உள்ளே திரும்பிக் குரல் கொடுத்தார். அவர் பிள்ளைகள், தம்பி, தம்பி மனைவி எல்லாரும் வந்துவிட்டார்கள். எல்லாருக்கும் இந்தப் பெயர் முன்பே தெரிந்திருந்தது. சின்ன மகன், ‘கேஎல் அம்மா, முட்டைக்குத் தனிக் காசா?’ என்று கேட்டான்.

பெரியவர் மறுபடி கேட்கவில்லை. எழுதிவிட்டார். அம்மா மேசையைச் சுற்றி அந்தப் பக்கம் போய்க் குனிந்து, விரல் வைத்து வரியைப் படித்தார்.

‘கேஎல் அம்மா 101.’

‘சரியா எழுதியிருக்கேனாம்மா?’ என்றார் அவர்.

‘சரிதான்’ என்றார் அம்மா.